மனப்புண் ஆற்றும் கலை

முன்னுரை

கலை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஆண்டு விழா மேடையும், பரிசுக் கோப்பையும், கைதட்டலும்தான். நம் பள்ளியில் ஓவியத்துக்குப் போட்டி உண்டு. நடனத்துக்குப் போட்டி உண்டு. கோலத்துக்கும் போட்டி உண்டு. ஆனால் போட்டியும் பரிசும் இல்லாத இடத்தில், துயரத்தால் வாயடைத்துப் போன ஒரு தாய் துணித்துண்டுகளைக் கொண்டு ஒரு பொம்மை செய்கிறாள். போரில் வீட்டை இழந்த ஒரு சிறுவன் களிமண்ணைப் பிசைந்து ஒரு வீடு கட்டுகிறான். அங்கே கலை செய்யும் வேலை என்ன? அது அந்த ஒருவருக்கு மட்டும் ஆறுதலா, அல்லது ஊருக்கும் அதனால் நன்மை உண்டா?

இக்கேள்விகளை எடுத்துக்கொண்டு, பத்தாம் வகுப்பு மாணவியர் அறுவர் இவ்வாண்டு ஒரு செயல்திட்டம் செய்தோம். படித்து அறிந்தவற்றையும், எங்கள் ஊருக்கு அருகிலேயே நடந்தவற்றையும், இறுதியில் நாங்கள் கண்ணால் கண்ட ஒன்றையும் இக்கட்டுரையில் எழுதுகிறோம். பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறோம்.

கலைவழி மருத்துவம் என்பது யாது?

ஓவியம், களிமண் வேலை, கைத்தொழில், இசை, நடனம், நாடகம், கதை ஆகியவற்றின் வாயிலாக மனத்தின் காயங்களை ஆற்ற உதவுவதே கலைவழி மருத்துவம் ஆகும். இதில் படம் அழகாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாட்டு சுருதி சேர வேண்டும் என்பதும் இல்லை. செய்யப்படும் பொருளைக் காட்டிலும் செய்கின்றவரே முக்கியம்.

இங்கிலாந்து நாட்டு ஓவியர் ஏட்ரியன் ஹில் என்பவர் காசநோயால் பீடிக்கப்பட்டு மருத்துவமனையில் பல நாள் படுத்திருந்தார். படுக்கையில் இருந்தபடியே படம் வரைந்தது தமக்கு மனத்தெம்பு அளித்ததைக் கண்டார். பிறகு உடன் இருந்த நோயாளிகளையும், போரில் காயமுற்று வந்த படைவீரர்களையும் வரையச் சொன்னார். 1942ஆம் ஆண்டில் இம்முறைக்கு ஆங்கிலத்தில் ‘ஆர்ட் தெரபி’ என்று பெயரிட்டவர் அவரே.

அதே ஆண்டுகளில் ஐரோப்பாவின் வேறொரு மூலையில் இன்னொரு செய்தி நடந்தது. ஹிட்லரின் ஆட்சியில் யூத மக்கள் அடைத்து வைக்கப்பட்ட தெரேசின் என்னும் ஊரில், ஃபிரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவிய ஆசிரியை அங்கிருந்த சிறுவர் சிறுமியருக்கு 1942 முதல் 1944 வரை ஓவியம் கற்பித்தார். பசியும் அச்சமும் சூழ்ந்த இடத்தில், கிடைத்த தாளில் எல்லாம் அப்பிள்ளைகள் வீட்டையும், மலரையும், பட்டாம்பூச்சியையும் வரைந்தனர். 1944 அக்டோபரில் அந்த ஆசிரியை ஆஷ்விட்சு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். பிள்ளைகளில் பெரும்பாலோரும் பிழைக்கவில்லை. அவர் விட்டுச் சென்ற இரண்டு பெட்டிகளில் ஏறக்குறைய 4,500 படங்கள் இருந்தன. அவை இன்று பிராக் நகரத்து அருங்காட்சியகத்தில் உள்ளன. அவரிடம் முன்பே பயின்ற எடித் கிராமர் என்ற மாணவி அமெரிக்கா சென்று, துன்புற்ற சிறுவர்களுக்கு ஓவியத்தின் வழியே உதவும் முறையை வளர்த்தார்.

இதைப் படித்தபோது எங்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. “உயிரைக் காப்பாற்ற முடியாத ஓவியத்தால் என்ன பயன்?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அக்கேள்விக்கு உடனே எங்களால் விடை கூற இயலவில்லை. அதை அப்படியே குறித்து வைத்துக்கொண்டோம்.

பேச முடியாதபோது கை பேசும்

பெரும் அச்சத்தை அனுபவித்தவர்கள் அதைக் கோவையாகச் சொல்ல முடியாமல் தவிப்பார்கள் என்று மனநல அறிஞர் கூறுகின்றனர். நடந்தது அவர்களுக்கு ஒரு காட்சியாகவோ, ஓர் ஓசையாகவோ, உடல் நடுக்கமாகவோ திரும்பத் திரும்ப வருகிறது. “என்ன நடந்தது, சொல்” என்று கேட்டால் வாய் அடைத்துக்கொள்கிறது. ஆனால் ஒரு தாளையும் வண்ணத்தையும் கொடுத்தால், உள்ளே இருந்தது வெளியே ஓர் உருவமாக வந்து நிற்கிறது. வெளியே வந்துவிட்ட ஒன்றைத் தள்ளி வைத்துப் பார்க்கலாம், மாற்றி வரையலாம், அடுத்தவரிடம் காட்டலாம். ஊசியும் நூலும்போல் ஒரே சீராகக் கை இயங்கும் வேலைகள் மனத்தின் படபடப்பையும் தணிக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை ஒன்று, கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துக் கூறுகிறது.

இவை மேல்நாட்டார் கண்டுபிடித்தவை என்று மட்டும் எண்ண வேண்டா. நம் பாட்டிமார் இதை எப்போதோ அறிந்திருந்தனர். சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பதை நாம் கண்டிருக்கிறோம். துக்கத்துக்கு ஒரு ராகம் கிடைக்கிறது. ஒருத்தியின் அழுகை பத்துப் பேர் அழுகையாகிறது. அந்த வட்டத்தில் அமர்ந்தவள் தனியாக இல்லை. துயரத்துக்கு உருவம் கொடுப்பது, பலர் கூடி அதைச் சுமப்பது என்ற இரண்டும் ஒப்பாரியில் உள்ளன. கலைவழி மருத்துவத்தின் அடிப்படையும் இவை இரண்டுமே என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

கடல் வந்த காலை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் மறுநாள். இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு அருகே கடலுக்கடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த பேரலைகள் சில மணி நேரத்தில் நம் கரையை அடைந்தன. பல நாடுகளிலும் சேர்ந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாகப்பட்டினமும், வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும், காரைக்காலும் பட்ட துன்பத்தை நம் பெற்றோர் நன்கு அறிவர். புதுச்சேரி நகரின் கடற்கரைச் சாலைப் பகுதியைக் கற்சுவர் பெரும்பாலும் காத்தது. அந்தச் சுவர் இல்லாத மீனவக் குப்பங்களில் வீடுகளும் படகுகளும் வலைகளும் போயின, உயிர்களும் போயின.

அப்போது நாங்கள் பிறக்கவில்லை. லாஸ்பேட்டையில் வாழும் எங்களுக்குக் கடல் என்பது மாலையில் காற்று வாங்கப் போகும் இடம். ஆனால் எங்கள் வகுப்பிலேயே, கடல் பக்கம் போக வேண்டாம் என்று வீட்டில் இன்றும் தடுக்கப்படும் தோழியர் உண்டு. காரணம் கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்களாம்.

சுனாமிகா என்னும் சிறு பொம்மை

எங்கள் ஊரிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ளது ஆரோவில். அங்கே ‘உபாசனா’ என்னும் ஆடை வடிவமைப்பு நிலையத்தை நிறுவியவர் உமா பிரஜாபதி. சுனாமிக்குப் பின் அவரும் அவருடன் பணியாற்றியோரும் அருகிலிருந்த மீனவக் கிராமத்துப் பெண்களைச் சந்தித்தனர். அரிசியும் பாயும் பாத்திரமும் நிவாரணமாக வந்துகொண்டிருந்தன. ஆனால் அப்பெண்கள் வேலையின்றி, பேச்சின்றி, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தனர். மீன் கூடை சுமந்து தெருத் தெருவாக விற்றுத் தம் காலில் நின்றவர்கள், இப்போது வரிசையில் நின்று கை நீட்டும் நிலைக்கு வந்திருந்தனர்.

ஆடை தைக்கும் இடத்தில் மிஞ்சும் துணித்துண்டுகளை எடுத்து, கட்டைவிரல் அளவே உள்ள ஒரு பொம்மை செய்ய அப்பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தனர். அதற்குச் ‘சுனாமிகா’ என்று பெயர் வைத்தனர். பெண்கள் கூடி அமர்ந்து பொம்மை செய்தனர். கை வேலையில் இருக்க, வாய் மெல்ல மெல்லத் திறந்தது. சிலர் அழுதனர், சிலர் சிரிக்கவும் தொடங்கினர். இவ்விதம் பல கிராமங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான பெண்கள் பயிற்சி பெற்றனர்.

இதில் எங்களை வியக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. இந்தப் பொம்மை விற்பனைக்கு உரியதன்று. யார் கேட்டாலும் அன்பளிப்பாகவே கொடுக்கப்பட்டது. விரும்பியவர்கள் நன்கொடை அளித்தனர். அந்த நன்கொடையிலிருந்து பெண்களுக்குக் கூலி கிடைத்தது. இவ்வாறு லட்சக்கணக்கான சுனாமிகாக்கள் உலகின் பல நாடுகளுக்குச் சென்றன. நிவாரணம் பெற்றுக்கொண்டிருந்த பெண், இப்போது முன்பின் அறியாத ஒருவருக்குப் பரிசு கொடுப்பவள் ஆனாள். பெறுகிறவள் கொடுக்கிறவளாக மாறியதுதான் இதில் பெரிய மாற்றம் என்று நாங்கள் கருதுகிறோம்.

மட்டக்களப்பில் ஒரு பூங்கா

கடலுக்கு அப்பால் இலங்கையில், இயற்கை அல்லாமல் மனிதர் கையாலேயே வந்த துன்பம் நெடுங்காலம் நீடித்தது. 1983 முதல் 2009 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கிழக்கே மட்டக்களப்புப் பகுதி மிகவும் அல்லல்பட்டது. அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் அஞ்சும் நிலை உண்டாயிற்று.

அங்கே 1996ஆம் ஆண்டு ‘வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா’ என்ற பெயரில் ஒரு பூங்கா திறக்கப்பட்டது. கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகன், இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளார் ஆகிய இருவரும் இதற்கு முன்னின்று உழைத்தனர். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் சிறுவர் சிறுமியரைப் பேருந்தில் அழைத்து வந்தனர். அவர்கள் வாரந்தோறும், பல மாதங்கள் தொடர்ந்து வந்தனர். மண்ணில் விளையாடினர், செடி நட்டனர், பூங்காவில் வளர்ந்த விலங்குகளைப் பேணினர், வண்ணம் தீட்டினர், முகமூடி செய்தனர், கதை கட்டி நாடகமாக நடித்தனர். அவர்களுக்குத் துணை நின்றவர்கள் அவ்வூர் இளைஞர்களே. அவர்களும் போரைக் கண்டு வளர்ந்தவர்களே.

“உன் வீட்டில் யார் இறந்தார்?” என்று யாரும் பிள்ளைகளிடம் கேட்டு வற்புறுத்தவில்லை. விளையாட்டிலும் கதையிலும் தானாக வருவதற்கு இடம் கொடுத்தார்கள். தமிழ்ச் சிறுமியும் முஸ்லிம் சிறுமியும் சேர்ந்து ஒரே முகமூடிக்கு வண்ணம் பூசும்போது, வீட்டில் கேட்டு வந்த அச்சம் சற்றே தளர்கிறது. அதுவே ஊருக்கும் சமாதானத்தின் விதையாகிறது.

மேடையிலும் இப்பணி நடந்துள்ளது. யாழ்ப்பாணத்தில் மரிய சேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் போர்க்காலத்திலும் நாடகங்களை நிறுத்தவில்லை. நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய ‘அன்னை இட்ட தீ’ என்னும் நாடகம் போரினால் மனம் காயமுற்றோரைப் பற்றியது. தம் வீட்டில் மட்டுமே இந்தத் துன்பம் என்று எண்ணியிருந்தவர், மேடையில் அதைக் காணும்போது, பக்கத்தில் அமர்ந்தவருக்கும் அதே துன்பம் உண்டென்று அறிகின்றார்.

நம் நாட்டிலேயே கொல்கத்தாவில், நடனக் கலைஞரும் சமூகவியல் பயின்றவருமான சோகினி சக்ரவர்த்தி 2004இல் ‘கொல்கத்தா சன்வேத்’ என்ற அமைப்பை நிறுவினார். கடத்தப்பட்டுத் துன்புறுத்தப்பட்டு மீட்கப்பட்ட பெண்களுக்கு நடன அசைவுகளின் வழியே உதவி செய்கின்றனர். தம் உடலையே வெறுத்திருந்த பெண்கள் அதை மீண்டும் தமதாக உணர்கின்றனர். இவ்வாறு தேறியவர்களில் பலர் பிறகு தாங்களே பயிற்சியாளர்களாகி மற்றவர்களுக்குக் கற்பிக்கின்றனர். இங்கும் பெற்றவர்களே கொடுப்பவர்களாயினர்.

நாங்கள் கண்டது

படித்தால் மட்டும் போதாது என்று எங்கள் அருட்சகோதரி கூறினார்கள். எங்கள் அறுவரில் ஒருத்தியின் ஆயா கடலோரக் குப்பம் ஒன்றில் வசிக்கிறார். பள்ளி விடுமுறையில் மூன்று சனிக்கிழமைகள், தையற்கடையில் கேட்டு வாங்கிய துணித்துண்டுகளோடு அவர் வீட்டுத் திண்ணைக்குச் சென்றோம். அண்டை வீட்டுப் பெண்களும் வந்து அமர்ந்தனர்.

முதல் நாள் நாங்கள் ஒரு பெரிய தவறு செய்தோம். செயல்திட்டத்துக்குச் செய்தி வேண்டும் என்ற ஆவலில், நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, “ஆயா, சுனாமி அன்னிக்கு என்ன ஆச்சு? நீங்க எங்க இருந்தீங்க?” என்று கேட்டோம். ஆயா எங்களை ஒரு முறை பார்த்தார். “பொம்மை செஞ்சா போனவன் திரும்பி வந்துருவானா?” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். எங்கள் தோழி அழுதுவிட்டாள். போனவன் யார் என்று அவளுக்கே தெரியாது.

திரும்பி வந்து அருட்சகோதரியிடம் நடந்ததைச் சொன்னோம். அவர்கள் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “நீங்கள் கொடுக்கப் போனீர்களா, எடுக்கப் போனீர்களா?” என்று மட்டும் கேட்டார்கள். அடுத்த வாரம் நோட்டுப் புத்தகத்தை எடுத்துச் செல்லவில்லை. எதுவும் கேட்கவில்லை. நாங்கள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் தையல் கோணலாகப் போவதைப் பார்க்கச் சகியாமல் ஆயாவே ஊசியை வாங்கினார். வலை பின்னிப் பழகிய கை அல்லவா? நாங்கள் ஒன்று முடிப்பதற்குள் அவர் மூன்று முடித்தார். எங்களைக் கேலி செய்து சிரித்தார்.

மூன்றாம் வாரம், துணிக் குவியலில் பச்சைக் கட்டம் போட்ட துண்டு ஒன்று அவர் கையில் கிடைத்தது. அதையே வெகு நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல், “இந்த மாதிரிச் சட்டைதான் போட்டிருந்தான். கிறிஸ்துமஸுக்கு எடுத்தது” என்றார். அது அவருடைய இளைய மகன். பத்து வயது. எங்கள் தோழிக்குச் சித்தப்பா முறை. அப்படி ஒரு சித்தப்பா இருந்தார் என்பதையே அவள் அன்றுதான் அறிந்தாள். அண்டை வீட்டம்மா ஒருவர் எழுந்து வந்து ஆயாவின் பக்கத்தில் அமர்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரும் தம் கதையைச் சொன்னார். நாங்கள் தைப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர்களும் நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தோம்.

பச்சைத் துணியில் செய்த பொம்மையை ஆயா தாமே வைத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தோம். எங்களுள் ஒருத்திக்கு 2021இல் கொரோனாவில் தந்தை இறந்துவிட்டார். அவள் அதிகம் பேசாதவள். யார் சொன்னார்களோ, ஆயாவுக்கு அது தெரிந்திருந்தது. புறப்படும்போது அவளைக் கூப்பிட்டு, அந்தப் பொம்மையை அவள் உள்ளங்கையில் வைத்து, “உனக்குத்தான் கண்ணு, வச்சுக்க” என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பேருந்தில் வரும்போது தன் அப்பாவைப் பற்றி முதன்முறையாக எங்களிடம் பேசினாள். லாஸ்பேட்டை வந்து சேரும் வரை பேசிக்கொண்டே வந்தாள்.

சில எச்சரிக்கைகள்

மூன்று சனிக்கிழமைகளில் எங்களை நாங்களே மருத்துவர்கள் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது என்பதையும் கற்றோம். நாங்கள் அறிந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

முதலாவது, வற்புறுத்தக் கூடாது. பேச விரும்பாதவர் பேசாமல் இருக்கலாம். கை மட்டும் வேலை செய்தாலும் போதும். தோண்டிக் கேட்பது ஆறிக்கொண்டிருக்கும் புண்ணைக் கீறுவது ஆகும்.

இரண்டாவது, மதிப்பெண் போடக் கூடாது. “உன் படம் நன்றாக இல்லை” என்ற ஒரு சொல் திறந்த கதவை மூடிவிடும். பாராட்டும்கூட அளவோடு இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. ஆயாவின் அனுமதி பெற்று, பெயரும் ஊரும் நீக்கியே இங்கு எழுதினோம். தோழியின் செய்தியும் அவள் சம்மதித்த பின்னரே எழுதப்பட்டது.

நான்காவது, உறக்கமின்றி, உணவின்றி, வாழவே விருப்பமின்றி இருப்பவருக்கு மருத்துவரும் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரும் தேவை. அவர்களிடம் அழைத்துச் செல்வதே முதல் உதவி. துணிப் பொம்மை அதற்கு ஈடாகாது.

ஐந்தாவது, கலை உரிமைகளுக்கு மாற்று ஆகாது. வீடு இழந்தவருக்கு வீடும், படகு இழந்தவருக்குப் படகும் கொடுத்தே ஆக வேண்டும். பாட்டுப் பாடச் சொல்லிவிட்டு இவற்றை மறந்தால் அது ஏமாற்று வேலை. ஆனால் வீடு கிடைத்த பின்னும் அந்த வீட்டில் ஒருவர் வாய் திறவாமல் இருபது ஆண்டு வாழ்ந்துவிடக் கூடும் என்பதை நாங்கள் நேரில் கண்டோம்.

முடிவுரை

“உயிரைக் காப்பாற்ற முடியாத ஓவியத்தால் என்ன பயன்?” என்று முதலில் ஒரு கேள்வியைக் குறித்து வைத்தோம் அல்லவா? “போனவன் திரும்பி வந்துருவானா?” என்று ஆயா கேட்டதும் அதே கேள்விதான். வர மாட்டான். எந்தக் கலையும் அதைச் செய்யாது. ஆயினும் இருபது ஆண்டுகளாக வீட்டில் யாரும் சொல்லாத ஒரு சிறுவனின் பெயர் இப்போது எங்கள் தோழியின் வீட்டில் சொல்லப்படுகிறது. சென்ற நவம்பரில் கல்லறைத் திருநாளன்று, ஆண்டுகள் பல கழித்து, ஆயா அவன் பெயருக்கு மெழுகுவத்தி ஏற்றினார். அண்டை வீட்டுப் பெண்கள் சனிக்கிழமைகளில் இன்றும் அத்திண்ணையில் கூடுகின்றனர். நாங்கள் போகாவிட்டாலும் கூடுகின்றனர். சமுதாய மாற்றம் என்று புத்தகத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது இப்படித்தான் ஒரு திண்ணையில் தொடங்குமோ என்று எண்ணுகிறோம்.

அன்புத் தோழியரே! உங்கள் தெருவிலும் பேசாமல் இருக்கும் ஒருவர் இருப்பார். அவரிடம் கேள்விகளோடு போகாதீர்கள். கொஞ்சம் துணியும் ஊசியும் நூலும், அல்லது வண்ணத் தாளும், கோலமாவும் கொண்டு போங்கள். பக்கத்தில் அமர்ந்து உங்கள் கையால் ஏதேனும் செய்துகொண்டிருங்கள். உங்கள் தையல் கோணலாக இருந்தால் இன்னும் நல்லது. திருத்திக் கொடுக்க அவர் கை நீட்டுவார்.

பெற்றோர்களே! வீட்டில் சொல்லப்படாத கதைகள் இருந்தால், எங்களுக்கு வயது போதாது என்று எண்ணி மறைக்காமல், உங்களால் இயன்றபோது சொல்லுங்கள். கேட்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, லாஸ்பேட்டை